ஏ.கே. 47

வளைந்த தோட்டாப் பெட்டி கண்ணில் பட்டாலே போதும், போர்க்களப் படத்தின் அடியில் 'ஏ.கே. 47' என்று எழுதிவிடுகிறோம். ரஷ்ய மொழியில் இதன் விரிவு 'அவ்தமாத் கலாஷ்னிகவா', அதாவது அதை வடிவமைத்த கலாஷ்னிகோவின் தானியங்கி. 'அவ்தமாத்' அங்கே தானாக இயங்கும் எந்தப் பொறிக்கும் பொதுப்பெயர். படைவீரர் பேச்சில்தான் அது துப்பாக்கி. 47 என்பது 1947-ஐக் குறிக்கும். சோவியத் படை அதை ஏற்றது 1949-இல்.

ஆனால் படங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்த அசல் 47 அன்று. 1959-இல் ஏ.கே.எம். வந்தது. கடைசி எழுத்துக்கு 'நவீனமாக்கியது' என்று பொருள். உடல் இரும்புத் தகட்டை அழுத்தி மடித்துச் செய்தது. குழல்முனையில் சாய்வாக வெட்டிய சிறு மூடி இருக்கும். அதற்கு அடுத்து வந்த ஏ.கே. 74-இன் 5.45 மி.மீ. தோட்டா அவ்வளவாகக் கூம்பாது. அதனால் பெட்டியின் வளைவும் குறைவு. குழல்முனையில் பருத்த உருளை ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். 1980-களின் ஆப்கானிஸ்தான் படங்களில் சோவியத் வீரர்கள் பலர் ஏந்தியிருப்பது இதைத்தான். எதிரே நின்ற முஜாஹிதீன்களிடம் ஏ.கே.-யின் சீன நகலான 56-ஆம் வகை ('டைப் 56') நிறைய இருந்தது. ஆயுதம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே இந்த வேறுபாட்டில்தான் தொடங்குகிறது. எல்லாவற்றையும் 47 என்றால் அந்தத் தடயம் அழிந்துபோகிறது.

சீன வகையைப் பிரித்தறிய முன் குறிமுள்ளைப் பாருங்கள். அதைச் சுற்றி முழு வளையம் இருக்கும். ரஷ்யத் துப்பாக்கியில் மேற்புறம் திறந்திருக்கும். இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் இதை 'ரி-56' என்று சரியாகவே எழுதுகின்றன.