முதல் நாளில் ஆறு பேர்

அமெரிக்காவில் ஏற்கனவே நோய் உள்ளவருக்கு மருத்துவக் காப்பீடு கிடைப்பது ஒரு காலத்தில் குதிரைக் கொம்பாக இருந்தது. நோயைக் காரணம் காட்டியே நிறுவனங்கள் பலரை ஒதுக்கின. இதை மாற்றும் சட்டத்தில் அதிபர் ஒபாமா 2010 மார்ச் 23 அன்று கையெழுத்திட்டார்.

அச்சட்டப்படி காப்பீடு வாங்குவதற்கான ஹெல்த்கேர்.கவ் இணையதளம் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. 36 மாநில மக்கள் இதையே நம்பியிருந்தனர். ஆனால் திறந்த சில மணி நேரத்திலேயே தளம் திணறியது. முதல் நாளில் பதிவை முடித்தவர்கள் வெறும் 6 பேர்!

கூட்டம் மட்டுமே இதற்குக் காரணமல்ல. திட்டங்களின் விலையைப் பார்ப்பதற்கே முதலில் கணக்குத் தொடங்க வேண்டியிருந்தது. இதனால் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் வாங்க வந்தவர்களும் ஒரே வாசலில் முட்டி மோதினர். பல நிறுவனங்கள் தனித்தனியாகச் செய்த பகுதிகளை ஒன்றாக இணைத்துப் போதிய அளவு சோதிக்கவும் இல்லை. மொத்தப் பொறுப்பு யாருடையது என்பதும் தெளிவாக இல்லை.

2014 ஜனவரி 1 முதல் காப்பீடு வேண்டுவோருக்கு டிசம்பர் கெடு நெருங்கியது. ஜெஃப் ஜைன்ட்ஸ் மேற்பார்வையில் சீரமைப்பு தொடங்கியது. கூகுளில் பணியாற்றிய மைக்கி டிக்கர்சன் போன்ற பொறியாளர்கள் உதவிக்கு வந்தனர். பழுது எங்கே என்று காட்டும் கண்காணிப்புக் கருவியே அப்போதுதான் பொருத்தப்பட்டது. டிசம்பர் தொடக்கத்தில், ஒரே நேரத்தில் 50,000 பேர் பயன்படுத்தும் அளவுக்குத் தளம் தேறியதாக அரசு அறிவித்தது.

2014 ஏப்ரலுக்குள் மத்திய, மாநிலத் தளங்கள் வழியாகச் சுமார் 80 லட்சம் பேர் காப்பீட்டுத் திட்டங்களைத் தேர்ந்தெடுத்தனர். சட்டம் இயற்றினால் மட்டும் போதாது, அதன் பயன் மக்களைச் சென்றடையும் வழியும் செம்மையாக இருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம் ஆகும்.