பாகன் சொல்லித் தராத பாஷை

இணையம் உள்ள வீடுகளில் எல்லாம் இன்று ஒரு சின்னப் பெட்டி விளக்கைச் சிமிட்டிக்கொண்டு இருக்கிறது. ரௌட்டர் என்கிறோம். நின்று போனால் ஒருமுறை அணைத்துப் போடுவோம், அதோடு சரி. அந்தப் பெட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் ஒரு பகுதியை இன்று சொல்கிறேன்.

2002 டிசம்பரில் அமெரிக்காவில் லிங்க்ஸிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற வயர்லெஸ் ரௌட்டரை விற்பனைக்கு விட்டது. நீலமும் கறுப்பும் கலந்த பெட்டி, பின்னால் இரண்டு ஆண்டெனா. மறு ஆண்டே அதைத் துருவிப் பார்த்த சிலருக்கு, உள்ளே ஓடுவது லினக்ஸ் என்று தெரிந்துவிட்டது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய அதே லினக்ஸ்தான். யார் வேண்டுமானாலும் அதைப் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் வாங்கியவருக்கு அதன் மூல நிரலையும் கொடுக்க வேண்டும். அதன் உரிமமான ஜிபிஎல் விதிக்கும் நிபந்தனை அது. கேள்விகள் கிளம்பின. 2003-இலேயே மூல நிரல் வெளியே வந்தது. அதை அடித்தளமாக வைத்து 2004-இல் ஓபன்டபிள்யூஆர்டி என்ற திட்டம் தொடங்கியது. அந்த மாடலின் எழுத்துகள் இன்றும் அதன் பெயரில் இருக்கின்றன.

எல்லாம் கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் முக்கியமான ஒன்று கிடைக்கவில்லை. வயர்லெஸ் வேலையைச் செய்யும் பிராட்காம் சிப்புக்கான டிரைவர், மனிதர் படிக்கும் நிரலாக வரவில்லை. இயந்திரம் மட்டும் படிக்கும் வடிவில் வந்தது.

டிரைவர் என்றால் என்ன? யானையையும் பாகனையும் நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளி என்ன சொன்னாலும் யானைக்குப் புரியாது. பாகன் பேசும் சில சொற்களுக்குத்தான் அது நடக்கும், உட்காரும், மரம் தூக்கும். சிப் யானை, டிரைவர் பாகன். எந்தச் சொல்லுக்கு சிப் என்ன செய்யும் என்ற பட்டியல் தயாரித்த நிறுவனத்தின் பெட்டகத்தில் இருந்தது. வெளியாருக்குக் கொடுக்கவில்லை.

அதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அந்த மூடிய டிரைவர் லினக்ஸின் 2.4 பதிப்புக்காகச் செய்யப்பட்டது. 2003 டிசம்பரில் 2.6 பதிப்பு வந்துவிட்டது. பழைய கொட்டகையை விட்டு வரமாட்டேன் என்று பாகன் அடம்பிடித்தால் யானையும் அங்கேயேதான் நிற்கும். வயர்லெஸ் வேண்டும் என்பவர்கள் வருஷக்கணக்கில் 2.4-ஐயே கட்டி அழவேண்டி இருந்தது.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே பெயரில் விற்கும் பெட்டிக்குள் சரக்கு மாறிக்கொண்டே இருக்கும். 2005-இல் வந்த ஐந்தாம் வெர்ஷனில் லினக்ஸை எடுத்துவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறொன்றைப் போட்டார்கள். நினைவகத்தையும் பாதியாகக் குறைத்தார்கள். வெளியே பார்த்தால் அதே நீலப் பெட்டி! லினக்ஸ் வேண்டும் என்பவர்களுக்காக, கடைசியில் எல் என்ற எழுத்தைச் சேர்த்துத் தனி மாடல் வந்தது. ஆகவே டிரைவர் தேடுபவர்கள் மூடியைக் கழற்றி, சிப்பின் முதுகில் பொறித்த எண்ணைப் படித்துத்தான் தேடினார்கள். பெட்டியின் பெயரை நம்பவில்லை.

பிராட்காம் சிப்புக்கு வழி கண்டவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு மூடிய டிரைவரை அக்கக்காகப் பிரித்து, எந்த இடத்தில் எந்த எண்ணை எழுதினால் சிப் என்ன செய்கிறது என்று விளக்கமாகக் குறிப்பு எழுதியது. அவர்கள் டிரைவர் எழுதவில்லை. இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் படித்துப் புதிய டிரைவரை எழுதியது. அவர்கள் பழையதைத் தொடவே இல்லை. காப்பியடித்தார்கள் என்று நாளை யாரும் வழக்குப் போடக்கூடாது என்பதற்காக இந்த மடி ஆசாரம். 2006-இல் வந்த லினக்ஸ் 2.6.17-இல் அந்த டிரைவர் இடம் பிடித்தது. அப்போதும் சிப்புக்குள் ஏற்றும் ஃபர்ம்வேரை நிறுவனத்தின் டிரைவரிலிருந்துதான் உருவ வேண்டி இருந்தது. பிராட்காம் தானாக முன்வந்து திறந்த டிரைவர் ஒன்றை வெளியிட்டது 2010-இல். அதுவும் புதிய சிப்புகளுக்குத்தான்.

எங்கள் காலத்து வால்வு ரேடியோ ரிப்பேர் ஆனால் மெக்கானிக் சர்க்யூட் படத்தை விரித்துவைத்து வேலை பார்ப்பார். அந்தப் படத்துக்கு ஈடான ஒரு காகிதத்தைக் கொடுத்திருந்தால், இத்தனை பேரின் இத்தனை வருஷ உழைப்பு மிச்சமாகி இருக்கும். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு அந்தக் காகிதத்தைக் கேட்பது பேராசை இல்லை என்பது என் எண்ணம். டிரைவர் எழுதியவர்களைப் பாராட்டுகிறோம். முதலில் பொறுமையாகக் குறிப்பு எழுதிய குழுவுக்கும் ஒரு கும்பிடு போட வேண்டும்.

உங்கள் வீட்டு ரௌட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் மாடல் எண்ணோடு வெர்ஷன் எண்ணும் இருந்தால் குறித்துவையுங்கள். அதைத் தூக்கிப் போடும் முன், விஷயம் தெரிந்த பேரப்பிள்ளை யாராவது அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.