பேராக் காட்டுக்குப் பெயர் சொன்ன பாதிரியார்கள்

பெயர் தெரியாத பொருள் தொலைந்தால் யாரும் தேடுவதில்லை. வீட்டில் ஒரு மாடு காணாமல் போனால் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தேடுகிறோம். ஆனால் தோட்டத்து எல்லையில் நின்ற நூறு வகை மரங்கள் மறைந்தபோது நம்மில் எத்தனை பேர் தேடினோம்? "அது காட்டு மரம்பா, அதுக்கு என்ன பேரு!" என்று நம் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பேராக் மாநிலத்தின் காட்டுக்கும் பெயர்கள் உண்டு. அவற்றைத் தேடி எழுதிவைத்தவர்களில் இருவர் கிறிஸ்தவப் பாதிரியார்கள். அவர்கள் கதை நம் பாடப்புத்தகங்களில் இல்லை. ஆகவே இந்த மலரில் அதைச் சொல்வது பொருத்தம் என்று எண்ணுகிறேன்.

தரங்கம்பாடியில் தொடங்கிய வழி

சமயப் பணிக்கு வந்தவர்கள் செடிகொடிகளை ஆராயும் பழக்கம் தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. சோழமண்டலக் கரையில் உள்ள தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் கோட்டையும் லுத்தரன் மிஷனும் இருந்தன. 1768இல் அந்த மிஷனுக்கு மருத்துவராக வந்தவர் யோகான் கெர்ஹார்ட் கூனிக். செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு லின்னேயஸிடம் நேரே பாடம் கேட்டவர் அவர். 1779இல் சயாமுக்கும் மலாக்காவுக்கும் பயணம் செய்து குறிப்பு எழுதினார். ஆக, நம் தீபகற்பத்துக்கும் தரங்கம்பாடிக்கும் அப்போதே தொடர்பு உண்டு.

கூனிக்குக்குப் பின்னால் வந்தவர் ராட்லர் ஐயர். 1776இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1836இல் சென்னையில் காலமானார். பெரிய தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்தவர் இவர்தான். ஒரு கையில் சொற்களைச் சேர்த்தார், மறு கையில் செடிகளைச் சேர்த்தார். இரண்டும் அவருக்கு ஒரே வேலை. அவரோடு பணியாற்றிய ஜான் ஐயரின் பெயர் இன்றும் நம்ம ஊர் மண்ணுளிப் பாம்பின் விஞ்ஞானப் பெயரில் இருக்கிறது. "இரண்டு தலைப் பாம்பு" என்று கிராமத்தில் சொல்வார்களே, அதே பாம்புதான்!

பேராக்குக்கு வந்த இருவர்

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். 1880களில் நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னராக இருந்தவர் சர் பிரடெரிக் வெல்ட். அவர் அழைத்ததன் பேரில் 1883இல் ஆஸ்திரேலியாவிலிருந்து புறப்பட்டு வந்தவர் ஜூலியன் டெனிசன் வுட்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார். பாறையும் மண்ணும் அவருடைய படிப்பு. பேராக்கின் ஈயச் சுரங்கங்களையும் மலைகளையும் சுற்றிப் பார்த்து ஆராய்ந்தார். இவர் சாதாரண ஆள் அல்லர். 1866இல் மேரி மெக்கிலப் அம்மையாரோடு சேர்ந்து ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி தரும் கன்னியர் சபையைத் தொடங்கியவர். அந்த அம்மையாருக்கு 2010இல் புனிதர் பட்டம் கிடைத்தது.

இரண்டாமவர் பெனடெட்டோ ஸ்கோர்டெக்கினி. 1845இல் இத்தாலியில் பிறந்தவர். 1871இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்குப் போய்ப் பங்குப் பாதிரியாராக இருந்தார். பூசை முடிந்ததும் காட்டுக்குப் போய்ச் செடி பறிப்பார். 1884இல் பேராக் அரசின் தாவரவியல் அறிஞராக இங்கே வந்து சேர்ந்தார்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று மாணவர்கள் அறிய வேண்டும். செடியைப் பூவும் காயுமாகப் பறிக்க வேண்டும். தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, ஈரம் போகக் காயவைக்க வேண்டும். எந்த இடம், எந்த நாள் என்று எழுதி ஒட்ட வேண்டும். நம் ஊர் மழையில் துணியே காய்வதில்லை. தாள் எங்கே காயும்? ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அட்டை, காய்ச்சல், பாதையில்லாத மலை, இத்தனைக்கும் நடுவே அவர் பேராக்கின் செடிகளைத் திரட்டினார்.

திரட்டியதைக் கல்கத்தா தாவரத் தோட்டத்தின் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்க்கப் போனவர், 1886இல் அங்கேயே இறந்துபோனார். அப்போது வயது 41தான். பேராக்கின் செடிகளைப் பற்றி அவர் எழுத நினைத்த நூல் எழுதப்படவே இல்லை. ஆனால் உழைப்பு வீண்போகவில்லை. கல்கத்தாத் தோட்டத்தின் தலைவர் ஜார்ஜ் கிங், 1889 முதல் மலாயாத் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதி வெளியிட்டபோது ஸ்கோர்டெக்கினியின் செடிகள் அவருக்குக் கைகொடுத்தன.

கித்தா மரத்தின் உறவு

ஸ்கோர்டெக்கினியின் நினைவாக 1887இல் ஒரு மர இனத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். பிறகு பார்த்தால் அந்தப் பெயர் ஏற்கெனவே ஒரு பூஞ்சைக்கு வைக்கப்பட்டிருந்தது! ஆகவே "புதிய" என்று பொருள்படும் அடைமொழி சேர்த்து, 1897இல் "நியோஸ்கோர்டெக்கினியா" என்று மாற்றினார்கள். அந்த மரம் எந்தக் குடும்பம் தெரியுமா? ஆமணக்கும் மரவள்ளியும் சேர்ந்த குடும்பம். நம் கித்தா மரமும் அதே குடும்பம்தான். நம் பாட்டன் பாட்டி விடியற்காலையில் பால் வெட்டிய மரத்துக்கு, இந்தக் காட்டிலேயே பிறந்த ஒரு பங்காளி உண்டு. அது அந்தப் பாதிரியாரின் பெயரைச் சுமந்து நிற்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். கூடை முடையவும், சாத்தே குச்சி, ஊதுபத்திக் குச்சி செய்யவும் பயன்படும் "பூலோ செமாந்தான்" என்ற மூங்கிலுக்கும் விஞ்ஞானப் பெயரில் ஸ்கோர்டெக்கினிதான் இருக்கிறார்.

ஒரே காலம், இரண்டு வேலை

இங்கே சரித்திரத்தின் ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்தவர் சர் ஹியூ லோ. அவரும் செடிகளை நேசித்தவர்தான். தென்னமெரிக்காவிலிருந்து லண்டன் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகளை 1877இல் கோலகங்சாரில் நட்டவர் அவரே. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த மரம் ஒன்றை இன்றும் அங்கே வேலி போட்டுக் காக்கிறார்கள். அவருடைய ஆட்சிக் காலத்தில்தான் காட்டைக் கணக்கெடுக்கப் பாதிரியாரும் வந்தார். ஒருபுறம் காட்டின் பெயர்ப் பட்டியல் தயாராகிறது. மறுபுறம் அந்தக் காட்டின் இடத்தைப் பிடிக்கப்போகும் மரம் வளர்கிறது!

மோட்டார் வண்டிக்கு டயர் தேவைப்பட்டதும் ரப்பர் விலை ஏறியது. மலைச்சரிவுகளில் காடு சாய்ந்தது, தோட்டங்கள் எழுந்தன. கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோரை அழைத்து வந்தார்கள். காட்டை வெட்டியது நம் பாட்டன் கை. ஆனால் வெட்டச் சொன்னது வேறு வாய். அதற்காக நம் முன்னோரைக் குறை சொல்வது நியாயமாகாது. அதன்பின் கித்தாக் காடும் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்களும் போயின. காட்டின் பெயரை மறந்த நாம், நம் தோட்டத்தின் பெயரையும் மறந்துவிடக் கூடாதல்லவா?

மலைக்கும் அதே கதை

ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்பு மலைகளைத் தினமும் பார்க்கிறோம். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் போகும் கல்லுமலைக் கோயிலும் அப்படியொரு மலையடியில்தான் இருக்கிறது. சுண்ணாம்பு மலை ஒவ்வொன்றும் நிலத்தில் நிற்கும் தீவு போன்றது. ஒரு மலையில் வாழும் சில நத்தைகளும் சிலந்திகளும் அடுத்த மலையில் இருக்காது. செம்மோர் அருகே உள்ள குனோங் கந்தான் என்ற மலையின் ஒரு பகுதியைச் சிமெண்டுக்காகப் பல ஆண்டுகளாக உடைத்து வந்தார்கள். அந்த மலைக் குகையில் வாழும் ஒரு சிலந்தி 1997இலும், ஒரு பல்லி 2014இலும்தான் விஞ்ஞானப் பெயர் பெற்றன. கந்தான் என்ற மலையின் பெயரே அவற்றுக்கும் பெயரானது. பெயர் வைத்த பிறகுதான் அவற்றுக்காகப் பேச ஆள் கிடைத்தது.

டெனிசன் வுட்ஸ் பாதிரியார் 1859இல் தென் ஆஸ்திரேலியாவின் நரக்கூர்ட் குகைகளில் உள்ள பழைய எலும்புகளைப் பற்றி எழுதினார். அந்தக் குகைகள் 1994இல் உலகப் பாரம்பரிய இடமாயின. எழுத்து முளைத்து மரமாக 135 ஆண்டுகள்! நம் மாநிலத்திலும் நம்பிக்கை உண்டு. லெங்கோங் பள்ளத்தாக்கு 2012இல் உலகப் பாரம்பரிய இடமானது. கிந்தாப் பள்ளத்தாக்கு 2018இல் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் பலகை மாட்டினால் மட்டும் மலை பிழைக்காது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?

வேதம் சொல்வது

அந்தப் பாதிரியார்களின் காலத்தில் "இயற்கைப் பாதுகாப்பு" என்ற பேச்சு இன்றுபோல் பரவலாக இல்லை. படைத்தவனின் கைவேலையை அறிவது பக்தியின் ஒரு பகுதி என்று நம்பினார்கள், அவ்வளவுதான். விவிலியத்தின் முதல் நூலில், மனிதனைத் தோட்டத்தில் வைத்த இறைவன் அதைப் பண்படுத்தும்படியும் காக்கும்படியும் பணிக்கிறார். அதன்பின் உயிரினங்களுக்குப் பெயரிடும் பொறுப்பையும் அவனிடமே விடுகிறார். பெயரிடுவதும் காப்பதும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. நெடுங்காலம் திருச்சபையே இதைப் போதிய அளவு வற்புறுத்தவில்லை என்பதும் உண்மை. 2015இல் போப் பிரான்சிஸ் பூமியைக் காப்பது பற்றி ஒரு சுற்றுமடல் எழுதி, செப்டம்பர் முதல் தேதியைப் படைப்புக்கான ஜெப நாளாக அறிவித்தார். அவர் 2025இல் மறைந்தார். அவர் எழுதியது நிற்கிறது.

மாணவச் செல்வங்களே! உங்களில் முருகனை வணங்குவோர் பலர், மாதா கோயிலுக்குப் போவோர் சிலர். மலையும் மரமும் எல்லாருக்கும் பொது. இந்த ஆண்டு விடுமுறையில் ஒரு காரியம் செய்யுங்கள். பள்ளி வளாகத்திலும் வீட்டைச் சுற்றியும் உள்ள மரங்களின் தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், விஞ்ஞானப் பெயர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தாத்தா பாட்டியைக் கேளுங்கள். அவர்கள் வேலை செய்த தோட்டத்தின் பெயரையும் அங்கே நின்ற மரங்களையும் சேர்த்து எழுதுங்கள். 41 வயதில் கல்கத்தாவில் கண்மூடிய அந்தப் பாதிரியார் பாதியில் விட்ட வேலையில் ஒரு பக்கத்தையாவது நம் பள்ளிப் பிள்ளைகள் எழுதியதாக இருக்கட்டும்.

வாழ்க பேராக்! வளர்க நம் பள்ளி!