சோம்பேறிப் பட்டமும் ஒரு சென்டிமீட்டர் புழுவும்

பதினேழு வயசுப் பையன். ஆனால் பார்த்தால் பன்னிரண்டுதான் சொல்லத் தோன்றும். கை, கால் குச்சி மாதிரி. வயிறு மட்டும் பானை. முகம் வெளுத்து, கண் மங்கி, பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. சில பேர் மண்ணைக்கூட எடுத்துத் தின்பார்கள்!

இது ஏதோ பஞ்சம் வந்த நாட்டுக் கதை என்று நினைத்தால் தவறு. 1900-ஐ ஒட்டிய வருடங்களில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில், ஜார்ஜியா, மிசிசிப்பி, வட கரோலினா போன்ற இடங்களின் பருத்திக் காட்டுக் கிராமங்களில், இப்படிப்பட்ட பிள்ளைகள் சர்வசாதாரணம். ஊர் உலகம் அவர்களுக்குக் கொடுத்த பட்டம் ஒன்றே ஒன்று: சோம்பேறிகள். பரம்பரையே அப்படி, ரத்தமே அப்படி என்று படித்தவர்களும் சொன்னார்கள்.

ரத்தத்தில் பிரச்சினை இருந்தது உண்மைதான். ஆனால் அதைக் குடித்துக்கொண்டிருந்தது வேறு ஒரு ஆசாமி.

யார் அந்த ஆசாமி?

கொக்கிப்புழு. நீளம் சுமார் ஒரு சென்டிமீட்டர். 1838-ல் இத்தாலியின் மிலான் நகரில், இறந்துபோன ஒரு விவசாயப் பெண்ணின் குடலில் இதைப் பார்த்தவர் ஆஞ்செலோ துபினி என்ற மருத்துவர். அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1880 வாக்கில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோத்தார்ட் ரயில் சுரங்கம் போட்டபோது தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக ரத்தசோகையில் விழுந்தார்கள். அப்போதுதான் இந்தப் புழு எவ்வளவு ஆபத்தானது என்று ஐரோப்பாவுக்கு உறைத்தது.

சரி, இது உடம்புக்குள் எப்படிப் போகிறது? வாய் வழியாகத்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் புழுக்குஞ்சுகள் இருந்த தண்ணீரைத் தற்செயலாகத் தன் கையில் சிந்திக்கொண்டார். சிந்திய இடம் அரித்தது. சில வாரங்களில் அவருடைய மலத்திலேயே புழு முட்டை வந்தது! 1898-ல் அவர் சொன்ன முடிவு இதுதான்: புழு தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது.

வழித்தடம் சினிமாக் கதை மாதிரி இருக்கும். வெறுங்காலில் ஈர மண்ணை மிதித்தால் கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சு பாதத்தில் ஏறும். ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போகும். அங்கிருந்து மூச்சுக்குழல் வழியாக மேலே வந்து, எச்சிலோடு விழுங்கப்பட்டு, சிறுகுடலில் போய்க் கொக்கி போட்டுக்கொள்ளும். பிறகு வருடக்கணக்கில் அங்கேயே குடித்தனம். ஒரு பெண்புழு தினமும் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். அந்த முட்டைகள் மலத்தோடு வெளியேறி மண்ணில் பொரிக்கும். அடுத்த வெறுங்காலுக்காகக் காத்திருக்கும்.

ஒரு புழு குடிக்கும் ரத்தம் சொட்டளவுகூட இல்லை. ஆனால் குடலில் நூற்றுக்கணக்கில் இருந்தால்? இரும்புச்சத்தும் புரதமும் தினமும் கசிந்து போகும். வயிற்றுவலி, ரத்தசோகை, எடைக்குறைவு எல்லாம் வரும். வளரும் வயதில்தான் உடம்புக்கு இரும்புச்சத்து அதிகம் தேவை. அந்த நேரம் பார்த்து அது திருடு போனால், உயரமும் எடையும் அப்படியே நின்றுவிடும். மாதவிடாய் தொடங்கிய பெண்பிள்ளைகளுக்கு இரட்டை அடி.

ரயிலில் நடந்த பேச்சு

சார்லஸ் வார்டெல் ஸ்டைல்ஸ் ஒரு விலங்கியல் நிபுணர். ஆடு மாடுகளின் குடற்புழுக்களை ஆராய்ந்தவர். 1902-ல் அமெரிக்காவில் இருக்கும் கொக்கிப்புழு தனி இனம் என்று கண்டுபிடித்தார். பிறகு அதற்கு நிலைத்த பெயர் நெகேட்டர் அமெரிக்கானஸ், அதாவது 'அமெரிக்கக் கொலைகாரன்'. வேடிக்கை என்னவென்றால், அது அமெரிக்கப் புழுவே இல்லை. அடிமைக் கப்பல்களோடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் கருத்து.

அதே வருடம் அவர் பேசியதைக் கேட்ட நியூயார்க் பத்திரிகை ஒன்று 'சோம்பேறிக் கிருமி கண்டுபிடிப்பு' என்கிற தோரணையில் செய்தி போட்டது. நாடே சிரித்தது. ஸ்டைல்ஸ் நொந்துபோனார்.

ஆறு வருடம் கழித்து, 1908-ல், அரசாங்கக் குழு ஒன்றோடு தெற்கில் ரயிலில் போனார். பிளாட்பாரத்தில் உருக்குலைந்து நின்ற ஒரு மனிதனைக் காட்டி, உடன் வந்த ஒருவர் விவரம் கேட்டார். அது சோம்பல் இல்லை, நோய், மிகக் குறைந்த செலவில் குணப்படுத்தலாம் என்றார் ஸ்டைல்ஸ். பக்கத்தில் இருந்த பத்திரிகையாளர் வால்டர் ஹைன்ஸ் பேஜ் வட கரோலினாக்காரர். அவர் ராக்ஃபெல்லரின் ஆட்களிடம் ஸ்டைல்ஸை அறிமுகப்படுத்தினார். 1909 அக்டோபரில் எண்ணெய் முதலாளி ஜான் ராக்ஃபெல்லர் 10 லட்சம் டாலர் ஒதுக்கினார்.

ஓமத்திலிருந்து வந்த மருந்து

அப்போதைய மருந்தின் பெயர் தைமால். நம் வீட்டு ஓமத்தின் வாசனைக்குக் காரணமே இந்தத் தைமால்தான்! முதல் உலகப் போருக்கு முன்பு இந்தியாவிலிருந்து ஓமம் ஜெர்மனிக்குப் போய், அங்கே தைமாலாகப் பிரிக்கப்பட்டு உலகச் சந்தைக்கு வந்தது. முதல் நாள் இரவு பேதி உப்பு, காலையில் தைமால், பிறகு மறுபடியும் பேதி உப்பு. இடையில் எண்ணெயோ சாராயமோ கூடாது. அதில் மருந்து கரைந்து உடம்பில் ஏறினால் ஆபத்து. (ஓமவாட்டரை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்று இதைவிடப் பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன.)

11 தென்மாநிலங்களில் கிராமம் கிராமமாக மருந்தகங்கள் திறந்தார்கள். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் கட்டிக்கொண்டு ஜனங்கள் திருவிழா மாதிரி வந்தார்கள். மைக்ராஸ்கோப்பில் தங்கள் புழு முட்டையைத் தாங்களே பார்த்தார்கள். எதிர்ப்பும் இருந்தது. செருப்புக் கம்பெனி ஆரம்பிக்கத்தான் ராக்ஃபெல்லர் இப்படிக் கிளப்பிவிடுகிறார் என்றுகூட வதந்தி பரவியது!

பள்ளி வயதுப் பிள்ளைகளில் சுமார் 40 சதவீதம் பேருக்குப் புழு இருந்ததாகச் சோதனையில் தெரிந்தது. 1914 முடிவதற்குள் கிட்டத்தட்ட 7 லட்சம் பேருக்குச் சிகிச்சை. ஒதுக்கிய பணம் முழுவதும் செலவானதாக வைத்துக்கொண்டாலும் ஆளுக்கு ஒன்றரை டாலருக்கும் குறைவுதான்.

லாப நஷ்டக் கணக்கு

2007-ல் ஹோய்ட் பிளீக்லி என்ற பொருளாதார நிபுணர் இந்தப் பழைய ஏடுகளைப் புரட்டினார். புழு அதிகம் இருந்த பகுதிகளில், இயக்கத்துக்குப் பிறகு பிள்ளைகள் பள்ளிக்கு வருவதும் எழுத்தறிவும் வேகமாகக் கூடியதாகச் சொன்னார். அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு வருமானமும் கூடியதாம். டேவிட் ரூட்மன் என்பவர் அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து, வருமானம் பற்றிய முடிவு அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை என்றார். விவாதம் முடியவில்லை. பிள்ளையின் ரத்தம் பிள்ளையின் உடம்பிலேயே இருப்பது நல்லது என்பதில் மட்டும் விவாதம் இல்லை.

ஆனால் இயக்கம் முடிந்ததும் புழு ஒழிந்துவிடவில்லை. மருந்து சாப்பிட்டவர் மறுபடி அதே மண்ணை மிதித்தார். கழிப்பறை வேண்டும் என்று ஸ்டைல்ஸ் கத்தியது அதற்காகத்தான். 1930-களில் அரசுத் திட்டத்தில் 20 லட்சத்துக்கும் மேல் கழிப்பறைகள் கட்டிய பிறகு, காலணியும் நகர வாழ்க்கையும் சேர்ந்தபோதுதான் நோய் ஒடுங்கியது.

ராக்ஃபெல்லர் குழுவினர் 1916-ல் இலங்கைத் தோட்டங்களுக்கும் வந்தார்கள். அங்கே நோயாளிகள் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்கள். மருந்து கொடுக்கச் சம்மதித்த துரைமார், லயத்துக்குக் கக்கூஸ் கட்டச் செலவு என்றதும் பின்வாங்கினார்கள். மருந்து ஒரு நாள் செலவு, கக்கூஸ் முதலீடு. கணக்கு எங்கே இடித்தது என்று புரிகிறதா?

இன்று உலகில் சுமார் 150 கோடிப் பேருக்கு மண் வழியாகப் பரவும் குடற்புழுக்கள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தியாவில் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. 1 முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் மாத்திரை இலவசம். பள்ளியில் அதை வாங்கி ஜன்னல் வழியே எறிபவர்களும் உண்டு.

அடுத்த முறை வகுப்பில் ஒருவன் வெளுத்துப்போய்த் தூங்கி வழிந்தால், 'சோம்பேறி' என்று பட்டம் கட்டுவதற்கு முன் அவன் ரத்தத்தை ஒரு தடவை சோதித்துப் பார்க்கச் சொல்லலாம். அமெரிக்காவில் அந்தப் பட்டத்தைச் சுமந்த பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள்.