கையொப்பம், கூப்பன், மின்னஞ்சல்: வாசகர் பெயர் கேட்ட வரலாறு

இன்று பல இணையதளங்களில் பாதிப் பக்கம் படிப்பதற்குள் ஒரு சின்னப் பெட்டி குறுக்கே வந்து நிற்கிறது. "மின்னஞ்சல் முகவரி கொடுங்கள், 10 சதவீதம் தள்ளுபடி" என்கிறது. சில தளங்கள் சக்கரத்தைச் சுழற்றச் சொல்கின்றன. சில தளங்கள் நாலு கேள்வி கேட்டுவிட்டு, விடை வேண்டுமானால் முகவரி தா என்கின்றன. சும்மா பார்க்க வந்தவரைப் பெயர் கொடுத்தவராக மாற்றுவதற்குத்தான் வணிகர்கள் 'கன்வர்ஷன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இது கணினி வந்தபிறகு பிறந்த வித்தை என்று நினைத்தால் தவறு. தமிழ்ப் பதிப்புலகம் நூறு வருடங்களுக்கு முன்பே இதைச் செய்து, லாபம் நட்டம் இரண்டையும் பார்த்துவிட்டது!

கையொப்பம் வாங்கிய காலம்

19-ம் நூற்றாண்டில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சிடுவது லேசான காரியம் இல்லை. காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் முதலில் பணம் வேண்டும். அதனால் புத்தகம் வருவதற்கு முன்பே, வாங்கிக்கொள்கிறோம் என்று பலரிடம் கையொப்பம் வாங்கும் வழக்கம் இருந்தது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது அவருக்கும் இந்த வழிதான் கைகொடுத்தது.

இதற்குத் துணையாக நின்றது தபால் இலாகா. 1877-ல் வி.பி.பி., 1879-ல் காலணா கார்டு, 1880-ல் மணியார்டர் என்று மூன்று வசதிகள் அடுத்தடுத்து வந்தன. ஒரு கார்டு எழுதிப் போட்டால் போதும், புத்தகம் வீடு தேடி வரும். தபால்காரரிடம் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இன்றைய 'சப்ஸ்கிரைப்' பொத்தானுக்கு அந்தக் காலணா கார்டுதான் பாட்டன் என்று சொல்லலாம்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கையொப்பம் என்பது வாக்கு மட்டும்தான், பணம் ஆகாது. வி.பி.பி. பார்சலை ஒருவர் வாங்க மறுத்தால் அது திரும்பிப் போகும், தபால் செலவு அனுப்பியவர் தலையில் விழும். ஆக, பட்டியலில் பெயர் ஏறுவது ஒன்று, பெட்டியில் காசு விழுவது இன்னொன்று.

ஆளுக்கேற்ற சந்தா

1906-ல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகை புதுமையான ஒரு சந்தா முறை வைத்திருந்தது. பாரதியார் நடத்திய இந்தப் பத்திரிகைக்கு அரசாங்கத்தார் கொடுக்க வேண்டிய வருடச் சந்தா 50 ரூபாய். ஜமீன்தார், ராஜா, பிரபுக்களுக்கு 30 ரூபாய். மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 15 ரூபாய். மற்றவர்களுக்கு 3 ரூபாய்தான். சந்தா கட்டும்போதே தான் யார் என்பதை வாசகர் சொல்லிவிட வேண்டும். வாடிக்கையாளரைத் தரம் பிரித்துப் பேசுவது என்று இன்று பாடம் நடத்துகிறார்களே, அது அன்றே இருந்திருக்கிறது.

1908-ல் பத்திரிகை புதுச்சேரிக்குப் போனது. பிரிட்டிஷ் எல்லைக்குள் அது நுழைவதற்கு ஆங்கில அரசு தடை போட்டது. 1910-ல் பத்திரிகை நின்றது. வாசகர் பட்டியல் இருந்து என்ன பயன்? அவர்களிடம் போய்ச்சேரும் தபால் பாதை வெள்ளைக்காரன் கையில் அல்லவா இருந்தது!

கட்டத்தில் விழுந்த வாசகர்கள்

1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் முதல் குறுக்கெழுத்துப் புதிரை வெளியிட்டார். இருபது வருடத்துக்குள் அது தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. 1928-ல் 200 ரூபாய்க்கு ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ்.வாசன், 1930-களில் பரிசோடு குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தினார். விற்பனை ஏறியது.

இந்த வகைப் போட்டிகளின் சூட்சுமம் எளிமையானது. வாசகர் கட்டங்களை நிரப்பி, நுழைவுக் கட்டணத்தோடு அனுப்ப வேண்டும். ஒரே குறிப்புக்கு இரண்டு மூன்று சொற்கள் பொருந்தும். எது சரி என்பது உறைக்குள் மூடி வைத்த விடையில்தான் இருக்கும். ஆகவே ஒருவரே பல கூப்பன்களை நிரப்பி அனுப்புவார்!

நாடு முழுக்க இது சூதாட்டம் போலப் பரவியதால் 1955-ல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது. மாதத்துக்கு மொத்தப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, ஒரு போட்டிக்கு 2,000 விடைகளுக்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பு விதித்தது. இதை எதிர்த்த சமர்பாக்வாலா வழக்கில் 1957-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது. திறமையை நம்பாமல் அதிர்ஷ்டத்தை நம்பும் போட்டி சூதாட்டமே, அதை வியாபாரச் சுதந்திரம் என்று சொல்ல முடியாது என்றது.

போட்டி போனபிறகும் விகடன் நிற்கக் காரணம், உள்ளே இருந்த சரக்கு. கல்கியின் 'கள்வனின் காதலி' 1937-ல் அதில்தான் தொடராக வந்தது. 1940 முதல் 1942 வரை அதே விகடனில் உ.வே.சா. தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். கையொப்பம் சேர்த்துப் புத்தகம் போட்டவரின் கதையை, கூப்பன் நிரப்பிப் பழகிய வாசகர்கள் வாரா வாரம் காத்திருந்து படித்தார்கள்!

இன்றைக்கு என்ன பாடம்?

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். அங்கே பொம்மை செய்யும் ஒரு சிறு பட்டறை இணையதளம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பரிசுச் சக்கரம் சுழலவிட்டால் முகவரிகள் குவியும். ஆனால் அவர்கள் பரிசுக்கு வந்தவர்கள், பொம்மைக்கு வந்தவர்கள் அல்ல. அதற்குப் பதிலாக, "உங்கள் கொலுவில் எத்தனை படி? ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் எவ்வளவு இடைவெளி?" என்று கேட்டு, எந்த உயரப் பொம்மை பொருந்தும் என்று அங்கேயே சொல்லிவிடலாம். பிறகு, "நவராத்திரிக்கு முன் புதுப் பொம்மைகள் சூளையிலிருந்து வந்ததும் தெரிவிக்கட்டுமா?" என்று கேட்டால், பெயர் கொடுப்பவர் உண்மையாகவே வாங்க நினைப்பவராக இருப்பார். பட்டியல் சிறியதாகத்தான் இருக்கும், ஆனால் அது வாங்குகிறவர்களின் பட்டியல்.

சட்டமும் இந்தப் பக்கமே சாய்கிறது. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கட்டாயம் இல்லாமல், தெளிவாகப் பெறப்பட வேண்டும் என்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் கொடுத்தபோது இருந்த அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது.

கையொப்பமோ, கூப்பனோ, மின்னஞ்சலோ, மூன்றும் ஒரு வாசகர் நம்பிக் கொடுத்த பெயர்தான். பரிசு காட்டி ஒருமுறை வாங்கிவிடலாம். அடுத்த வாரமும் அவர் திறந்து பார்க்க வேண்டும் என்றால், உள்ளே ஏதாவது இருக்க வேண்டும்.