மாத்திரைக் கணக்கு



எங்களைப் போன்ற அரசு ஓய்வூதியர்களுக்குக் காப்பீட்டுத் திட்டம் வந்தது 2014-இல். 2022 ஜூலையில் மாதப் பிடித்தம் 497 ரூபாய் ஆனது. நான்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை என அப்போது வரையறுத்தார்கள். ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். தினசரி மாத்திரைக்கு மருத்துவப்படி 300 ரூபாய் மட்டுமே. கட்டுபடியாகாமல் சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டேன், சர்க்கரை ஏறிவிட்டது.

வழி ஊரிலேயே இருந்தது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மூலப்பெயரில் மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்குத் தருகிறது. கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இப்போது இலவசமாகவே வாங்குகிறேன். 2025-இல் குறைந்த விலை முதல்வர் மருந்தகங்களும் வந்துவிட்டன.

மழை பொய்த்தாலும் கரிசல் சம்சாரி விதைத் தானியத்தில் கைவைக்க மாட்டார். மாத்திரையும் அப்படித்தான். வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள்.