சீற்றோ கஸ்ரன்: தற்காலிகமாக வந்து இரண்டு கிண்ணம் வென்ற முகாமையாளர்

1993 ஒக்ரோபர் 23, சனிக்கிழமை இரவு. ரொறன்ரோ ஸ்கைடோம் அரங்கில் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ். புளூ ஜேஸ் அணி 5-6 எனப் பின்தங்கி நிற்கிறது. பிலடெல்பியாவின் மிற்ச் வில்லியம்ஸ் வீசிய பந்தை ஜோ காற்றர் இடப்பக்க வேலிக்கு அப்பால் அடித்தார். பேஸ்களில் நின்ற இருவரும் அவரும் ஓடி வர, ஆட்டம் 8-6 என முடிந்தது. அன்றிரவு யங் வீதி முழுவதும் சனம். கிரிக்கெட்டும் எல்லேயும் மட்டும் தெரிந்து வந்த எங்களில் பலர், பேஸ்போல் என்றொரு விளையாட்டு இந்த நகரத்தை இப்படி ஆட்டுமா என்று வியந்த காலம் அது.

காற்றரின் பெயர் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்த அணியை நடத்திய மனிதரைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிதாகத் தெரியாது.

கிளாரன்ஸ் எட்வின் கஸ்ரன் 1944 மார்ச் 17இல் ரெக்சாஸ் மாநிலத்தின் சன் அன்ரோனியோவில் பிறந்தவர். தகப்பன் லொறிச் சாரதி. சீற்றோ என்பது இளமையில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். தமிழில் எழுதும்போது சீற்றம் நினைவுக்கு வரும். ஆளோ அதிர்ந்து பேசாதவர். 1967இல் அற்லான்ரா பிறேவ்ஸ் அணியில் அறிமுகமானார். அங்கே அவரது அறைத் தோழர் ஹாங்க் ஆரோன். 1969இல் புதிதாகத் தொடங்கிய சன் டியேகோ பட்றேஸ் அணிக்குப் போனார். அந்த அணி முதல் ஆண்டிலேயே 110 ஆட்டங்களில் தோற்றது. மறு ஆண்டு கஸ்ரன் 29 ஹோம் ரன், 0.318 சராசரி என அடித்து நட்சத்திர ஆட்டத்துக்குத் தெரிவானார். அதன்பின் அப்படியொரு ஆண்டு அவருக்கு வாய்க்கவில்லை. 1978உடன் பெரிய லீக்கில் அவரது ஆட்டம் முடிந்தது.

1982இல் புளூ ஜேஸின் துடுப்பாட்டப் பயிற்றுநராக ரொறன்ரோ வந்தார். 1989 மே மாதம் அணி 12 வெற்றி, 24 தோல்வி என்று கிடந்தபோது முகாமையாளர் ஜிமி வில்லியம்ஸ் நீக்கப்பட்டார். வேறொருவர் கிடைக்கும்வரை பார்த்துக்கொள்ளும்படி கஸ்ரனிடம் கொடுத்தார்கள். நிரந்தரமாகத் தருகிறோம் என்றபோது முதலில் வேண்டாம் என்றவர் அவர். பயிற்றுநர் வேலையே போதும் என்றிருந்தார். கிரிக்கெட்டில் களத்தில் நிற்கும் தலைவர் முடிவெடுப்பார். பேஸ்போலில் யார் ஆடுவது, பந்துவீச்சாளரை எப்போது மாற்றுவது என்பதெல்லாம் வெளியே இருக்கும் முகாமையாளரின் தலையில்தான். அவரது கையில் அணி 77 வென்று 49 தோற்றுப் பிரிவில் முதலிடம் பிடித்தது. கடைசி வாரம்வரை துரத்திவந்த பால்ரிமோர் அணியின் முகாமையாளர் ஃபிராங்க் றொபின்சன், 1975இல் பெரிய லீக்கின் முதல் கறுப்பின முகாமையாளரானவர். பிரிவுப் பட்டம் வென்ற முதல் கறுப்பின முகாமையாளர் கஸ்ரன்.

1992இல் அவரது பழைய அணியான அற்லான்ராவை வென்று உலகத் தொடர்க் கிண்ணம் முதற்தடவையாக அமெரிக்காவுக்கு வெளியே வந்தது. அதை வென்ற முதல் கறுப்பின முகாமையாளரும் அவரே. மறு ஆண்டும் வென்றார். ஆனால் ஆண்டின் சிறந்த முகாமையாளர் விருது அவருக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை. பணமும் ஆட்களும் நிறைந்த அணி, யார் நடத்தினாலும் வென்றிருக்கும் என்றார்கள். எங்களுக்கு இது சரியாகப் படவில்லை. 1992க்குப் பிறகு வின்ஃபீல்ட், ஜிமி கீ, ஹென்கி, கோன் எல்லோரும் போய்விட்டார்கள். பாதி புதிய அணியோடு மீண்டும் வென்றது எப்படி? அந்த ஆண்டு அமெரிக்கன் லீக்கின் துடுப்பாட்டச் சராசரியில் முதல் மூன்று இடமும் ஓலருட், மொலிற்றர், அலோமார் என்ற புளூ ஜேஸ் வீரர்களுக்கே. துடுப்பாட்டம் சொல்லிக்கொடுத்தே வளர்ந்த முகாமையாளர் அவர் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

1994இல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் உலகத் தொடரே நடக்கவில்லை. அதன்பின் அணி சரிந்தது. 1997 செப்ரெம்பரில், பருவம் முடிய ஐந்து ஆட்டங்கள் இருக்கும்போது அவரை நீக்கினார்கள்.

அடுத்தடுத்து இரண்டு கிண்ணம் வென்றவரை வேறு அணிகள் தேடி வரும் என்றுதானே நினைப்போம். சில அணிகள் நேர்முகத்துக்கு அழைத்தன. வேலை எவரும் கொடுக்கவில்லை. இடையில் ஒருமுறை அதே ரொறன்ரோவுக்குப் பயிற்றுநராக வந்துபோனார். பதினொரு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. தகுதிப் பத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு நேர்முகம் நேர்முகமாக ஏறி இறங்கியவர்கள் எங்களிலும் நிறையப் பேர், விளக்கத் தேவையில்லை.

2008 யூன் 20இல் மீண்டும் அழைத்தது ரொறன்ரோதான். அப்போது அவருக்கு வயது 64. பாதிப் பருவத்தில் பொறுப்பேற்று 51 வென்று 37 தோற்றார். 2010 முடிவில் தானாக விலகினார். மொத்தம் 894 வெற்றி, 837 தோல்வி. புளூ ஜேஸ் முகாமையாளர்களில் இதுவே அதிகம்.

கனடிய பேஸ்போல் புகழ்மண்டபம் 2002இலேயே அவரைச் சேர்த்துக்கொண்டது. அமெரிக்காவின் கூப்பர்ஸ்ரவுன் புகழ்மண்டபத்துக்கான பட்டியலில் 2023 டிசெம்பரில் அவரது பெயர் இருந்தது. பதினாறு பேர் கொண்ட குழுவில் பன்னிரண்டு வாக்குகள் தேவை. கஸ்ரனுக்குக் கிடைத்தவை ஐந்துக்கும் குறைவு.